டாக்டர் மெரிக் சாகலை

டிவியில விண்கலம் சட்டுனு ஒடிச்சுத் திரும்பினா டோரீன் ஆக்ராய்டோட வலது கால் தானா தரையை அழுத்தும். இங்கிலாந்துல ஹடர்ஸ்ஃபீல்டு ஊர்ல பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கத்துக்கொடுத்த கால் அது. பக்கத்து சீட்டுல உட்கார்ந்து அடுத்தவங்க தப்புக்கெல்லாம் பிரேக் போட்டே ஊறிப்போன கால். "கண்ணாடியப் பாக்காமத் திருப்புறான் பாரு. விண்வெளின்னா பின்னாடி யாரும் வரமாட்டாங்களாமா?"ன்னு டிவியைப் பார்த்து ஒரு சலிப்பு. அப்புறம் ஒரு வாய் பீர், பன்றிக்கறி அடைச்சுச் சுட்ட பலகாரத்துல ஒரு துண்டு.

மாசத்துல ஒரு சனிக்கிழமை மத்தியானம், ரயில்வே ஸ்டேஷன் பக்கத்து மதுக்கடை மாடியில 'லாந்தர் ஏழு' ரசிகர்கள் கூடுவாங்க. எழுபதுகள்ல வந்த டிவி தொடர். அட்டைச் சுவரு, தொட்டா ஆடுற கதவு, வெள்ளிக் காகிதம் சுத்தின விண்கலம். அதுல இருக்கிற ஓட்டையெல்லாம் இவங்களுக்கு மனப்பாடம். ஆனா மாடிக்கு ஒரு சட்டம் உண்டு: எடுத்தவங்க கோட்டை விட்டுட்டாங்கன்னு யாரும் சொல்லக்கூடாது. கதைக்குள்ளயே காரணம் கண்டுபிடிக்கணும். வேற்றுக்கிரகப் பச்சை மனுஷன் முதுகுல ஜிப் தெரியுதா? அந்தக் கிரகத்துல கல்யாணம் ஆனவங்களுக்கு அப்படித்தான் இருக்கும். கலத்துல மின்சாரம் மொத்தமாப் போயும் ஒருத்தரும் மிதக்கலையா? "தரைக்குத் தனி பியூஸ், கண்ணு"ம்பாங்க டோரீன். சொல்லிட்டு மூக்குக்கண்ணாடியை நெத்திக்கு ஏத்தினா, வழக்கு முடிஞ்சதுன்னு அர்த்தம்.

மாடிக்கு வர்ற நெவில் கிரீன்வுட்கிட்ட மட்டும் வழக்கு முடியாது. இன்சூரன்ஸ் ஆபீஸ்ல, மோதின வண்டியெல்லாம் நிஜமாவே மோதுச்சான்னு சந்தேகப்பட்டே சம்பளம் வாங்கினவர். பேசினா ரயில்வே அறிவிப்பு மாதிரியே இருக்கும்: "ரெண்டாவது... வருஷத் தொடரில்... நாலாவது பாகத்தில்..." அவர் மூச்சு வாங்குற இடத்துல டோரீன் அதே குரல்ல, "தாமதத்துக்கு வருந்துகிறோம்"னு முடிச்சு வைப்பாங்க.

எல்லாத்துலயும் விளையாடுற டோரீன், டாக்டர் மெரிக் விஷயத்துல மட்டும் விளையாட மாட்டாங்க. லாந்தர் கலத்தோட டாக்டர் அந்தம்மா. இயந்திர அறை தீயில செத்து, பெட்டியில வச்சு விண்வெளியில தள்ளி, எல்லாரும் சல்யூட் அடிச்சு முடிச்சாச்சு. மூணு வாரம் கழிச்சு வந்த பாகத்துல கமாண்டர் முன்னால நின்னு பேசுறார். பின்னால நடைவழியில அதே டாக்டர் சாவகாசமா நடந்து போறாங்க. பதிமூணு வயசு டோரீன் அதைப் பார்த்துட்டு திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துல சொன்னா. திருப்பிப் போட்டுப் பார்க்க அந்தக் காலத்துல ஏது வழி? பள்ளிக்கூடம் முடிக்கிற வரைக்கும் புளுகினின்னே பேரு. ரொம்ப நாள் கழிச்சு வீடியோ கேசட் வந்தப்பப் பார்த்தா, நடந்துதான் போறாங்க. அன்னையிலிருந்து டோரீன் கட்சி ஒண்ணுதான். மெரிக் சாகலை. பெட்டி காலி. கலத்துல யாரோ ஒருத்தருக்கு அது தெரியும். தெரிஞ்சே வாயை மூடிக்கிட்டாங்க.

போன சனிக்கிழமை மாடிக்கு ஒரு விருந்தாளி வந்தாங்க. ஐரிஸ் பெம்பர்டன், கைத்தடி ஊனி நடக்கிற வயசு. அந்தத் தொடர் எடுக்கிறப்ப கேமரா பக்கத்துலயே உட்கார்ந்திருந்தவங்க. ஒரு காட்சியில பாதி குடிச்ச கோப்பை அடுத்த காட்சியில நிறைஞ்சுடாமப் பார்த்துக்கிறதுதான் அவங்க வேலை. அவங்க வீட்டுலேருந்து தன் வண்டியிலயே கூட்டிவந்த டோரீன், வழி பூரா மழையைப் பத்தி மட்டும் பேசினாங்களாம்.

கூட்டம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னால படிக்கட்டுல நெவிலை மறிச்சாங்க. "மெரிக் நடந்து போற அந்த நடைவழியைப் பத்திக் கேக்காத."

"ஏன், பயமா?"

"ஆமா. பயம்தான்."

நெவில் சிரிச்சார். "அந்தம்மா ஒரு வார்த்தை சொல்லிட்டா உன் டாக்டருக்கு ரெண்டாவது தடவை சவ அடக்கம். வந்து சல்யூட் அடிக்கிறேன்."

மாடியில டோரீன் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்ல. கமாண்டரோட டோப்பாவைப் பத்திக் கேட்டாங்க, விண்கலத்தைத் தூக்கிப் பிடிச்ச கம்பியைப் பத்திக் கேட்டாங்க, பதில் முடியுமுன்னே அடுத்த கேள்வி. நெவில் கையைத் தூக்கினப்பெல்லாம் அந்தக் கையில பலகாரத் தட்டைத் திணிச்சாங்க. டீ கொண்டு வர்றேன்னு எழுந்த நேரம், நெவில் ரிமோட்டை எடுத்துட்டார்.

திரையில கமாண்டர். பின்னால மெரிக். படத்தை அப்படியே நிறுத்தி, மாடியோட சட்டத்தையும் உடைச்சார் நெவில். "இது... தப்புதானே, மிஸஸ் பெம்பர்டன்? உங்க கண்ணுல படாமப் போச்சா?"

டோரீன் கால் தரையை அழுத்துச்சு. ஒண்ணும் நிக்கலை.

ஐரிஸ் திரையையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க.

"கண்ணுல பட்டுச்சு"ன்னாங்க ஐரிஸ். "மெரிக்கா நடிச்ச பொண்ணை போன்லயே வேலையை விட்டு நிறுத்தினாங்க. கூட நடிச்சவங்ககிட்ட போயிட்டு வர்றேன்னு சொல்லக்கூட விடலை. தன் சாமானை எடுத்துக்க ஒரு நாள் வந்தா. உள்ள கேமரா ஓடுதுன்னு அவளுக்கு நல்லாத் தெரியும். பழைய உடுப்பை மாட்டிக்கிட்டு நடந்தா. நடக்கிறப்ப என்னைப் பார்த்தா. நான் குனிஞ்சு பென்சில் சீவ ஆரம்பிச்சிட்டேன். எல்லாம் சரியா இருந்துச்சான்னு டைரக்டர் கேட்டார். சரியா இருந்துச்சுன்னேன்."

நெவில் தொண்டையைக் கனைச்சார். "அப்ப... தெரிஞ்சேதான்..."

"அங்க எனக்கு மட்டும்தான் தெரியும். யார்கிட்டயும் சொல்லலை. இன்னைக்குத்தான் சொல்றேன்."

எல்லார் தலையும் டோரீன் பக்கம் திரும்புச்சு. நான் அப்பவே சொன்னேன்லன்னு மாடி அதிர ஒரு சத்தம் வரும்னு காத்திருந்தாங்க. வரலை. நெவில் ரிமோட்டை அழுத்தினார். மெரிக் நடந்து நடைவழி மூலையில மறைஞ்சாங்க.

டோரீன் பீர் கிளாஸைப் பிடிச்சிருந்த கையை எடுக்கலை. எதிர்ல வந்த வண்டி ஒதுங்கி வழிவிட்டா, வண்டி ஓட்டுறவங்க ஸ்டீயரிங்கைப் பிடிச்சபடியே ஒத்தை விரலை மட்டும் தூக்கி நன்றி காட்டுவாங்களே, அந்த மாதிரி, ஐரிஸைப் பார்த்து ஆள்காட்டி விரலைத் தூக்கினாங்க.