தொட்டால்தான் எழ வேண்டும்

அந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தது நான்தான். இத்தனை வயதுக்குப் பிறகு மறுக்கத் தெம்பில்லை.

இலங்கை மலைநாட்டில், வட்டகொடைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகள் முடிகிற வருடம். வேலைநிறுத்தம் தொடங்கி மூன்றாவது வாரம். கொழுந்து முற்றிக் கிடந்தது; லயத்து வரிசைவீட்டு அடுப்புகளில் புகை மெலிந்திருந்தது. பக்கத்துத் தோட்டத்தில் போலீசு சுட்டு ஒருவர் செத்துப்போனார் என்று செய்தி வந்தது. அதுவரை நாங்கள் பெரட்டு விளையாடுவோம், விடியலில் வேலைக்குப் பேர் பதிகிற வரிசை. ஒருத்தி கணக்கப்பிள்ளை, ஒருத்தன் கங்காணி, மற்றவர்களெல்லாம் தலையில் சாக்குத்துண்டோடு பேர் கொடுக்க வரிசையில் நிற்பவர்கள். செய்தி வந்த மறுநாள் பெரட்டுக் களத்தில் நான் கவாத்தில் வெட்டிப்போட்ட ஒரு மிலாறுக் குச்சியை எடுத்துத் துப்பாக்கியாகத் தோளில் சாத்தினேன். யாரும் சொல்லித்தரவில்லை.

விதி ஒன்றுதான். சுடப்பட்டவர் விழுந்து கிடக்க வேண்டும். சுட்டவரே வந்து தொட்டால்தான் எழலாம்.

தங்கைக்கு ஐந்து வயது. "அக்கா, என்னயும் சுடுக்கா" என்று பின்னாலேயே திரிந்தாள். அன்று சுட்டேன். அழகாக விழுந்தாள், கன்னம் மண்ணில் பட.

அப்போது தப்பு மேளம் அடித்தார்கள். வழக்கமாக அது விடியலில் வேலைக்குக் கூப்பிடும் தப்பு. அந்த வாரங்களில் நடுப்பகலில் அடித்தால் ஒரே அர்த்தம்: போலீசு லாரி ஏறி வருகிறது, கதவைச் சாத்து. எல்லோரும் ஓடினோம். குச்சியோடு நானும் ஓடினேன்.

தாழ்ப்பாள் போட்ட பிறகு அம்மா திரும்பிப் பார்த்தாள். "சின்னவ எங்கடி?"

பலகை இடுக்கில் பார்த்தோம். களத்து நடுவில் அவள் அப்படியே கிடந்தாள். சுற்றிலும் சப்பாத்துக் கால்கள். ஒரு போலீசுக்காரன் குனிந்து, "நங்கி, நெகிட்டின்ன" என்றான். தங்கச்சி, எழுந்திரு என்று சிங்களத்தில் கெஞ்சுவதுபோல இருந்தது. அவள் அசையவில்லை. அம்மா கத்தவில்லை. கதவைத் திறந்து நடந்தாள். ஓடினால் சுடுவார்கள் என்று நினைத்தாளாம். தூக்கி வரும்போது தங்கை விறகுக்கட்டைபோல விறைத்திருந்தாள். கண் மட்டும் திறந்திருந்தது.

பிறகு வேலைநிறுத்தம் முடிந்தது. விடியலில் தப்பு மறுபடி ஒலித்தது. ஒலித்ததும் அவள் படுக்கையை விட்டு இறங்கி வெறுந்தரையில் குப்புறக் கிடப்பாள். பேச்சில்லை. வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் மற்றப் பிள்ளைகள் ஆட, இவள் சுவரோரம் படுத்திருப்பாள். "செத்தவ கஞ்சி மட்டும் குடிக்கிறா பாரு" என்று பக்கத்துக் காம்பராப் பையன் சிரித்தான். பயந்த கோளாறு என்றார்கள். திருநீறு பூசினார்கள், கயிறு கட்டினார்கள். அம்மா அவள் கைகாலைத் தேய்த்துத் தேய்த்துக் களைத்துப்போனாள்.

எனக்குத் தெரியும். பத்து நாள் தெரிந்தே இருந்தேன். நான் தொடவில்லை. தொட்டால், அன்றைக்குச் சுட்டது யார் என்று அம்மா கேட்பாள்.

ஒரு காலை, அம்மா பெரட்டுக்குப் போன பிறகு, தரையில் கிடந்தவளின் தோளைத் தொட்டேன். "தொட்டுட்டேன். எந்திரி."

மெல்லத் தலையைத் தூக்கினாள். "ஏங்க்கா இவ்வளவு நேரம்?"

அவள் எழுந்தாள், கஞ்சி குடித்தாள், பேசினாள். அம்மா அதைக் கயிற்றின் பலன் என்று நம்பினாள், நான் திருத்தவில்லை. அன்று மாலை தங்கையே என்னைக் களத்துக்கு இழுத்துப் போனாள். மிலாறுக் குச்சி இப்போது அவள் கையில். "இனி நான்தான் போலீசு" என்றாள், சிரிக்காமல்.

சுட்டாள். விழுந்தேன். மண் ஈரமாக இருந்தது. அவள் காலடி விலகிப் போனது. மலையில் பனி இறங்கியது, லயங்களில் விளக்கு ஏற்றினார்கள், அம்மா பேர் சொல்லிக் கூப்பிட்டாள். விதி எனக்கும்தானே.

அவள் வரவில்லை. நான் கிடந்தேன்.