அண்ணன் ஓடிய வேகம்

தபால் மூட்டை சுமந்து ஓடும் அந்த ஒல்லி மனிதர்மேல் எனக்குப் பொறாமை. அண்ணன் செத்தபின் பாப்பாரப்பட்டிப் பண்டிகை ஓட்டத்தில் அவர்தான் முதல். முதன்முறை ஓடிய நான் கடைசி. பந்தயம் முடிந்தால், அதில் தான் ஓடிய வேகத்தைவிடச் சற்றுக் குறைத்தே மறுநாள் அவர் ஓடிப் பழகுவார். அவரை முந்த நான் அண்ணன் வேகத்தில் ஓடிப் பழகினேன். மூச்சு முட்டி ரோட்டோரம் உட்கார்ந்தேன். தபால் மூட்டையோடு அவ்வழியே வந்தவர் நின்றார்.

"யாரு தம்பி தொரத்தறாங்க? போன பந்தயத்துல நீ வந்த வேகத்துக்குப் பழகு. இது உங்கண்ணன் ஓட்டமாச்சே!"

"உங்களுக்கு எப்பிடிங்க தெரியும்?"

"அவன் முதுகப் பாத்துக்கிட்டேதான எல்லாப் பந்தயமும் ஓடுனேன்."

ஒரே வீட்டில் வளர்ந்தும், அண்ணன் ஓடும்போது பின்னாலிருந்து அவன் முதுகை நான் பார்த்ததேயில்லை. பொறாமை இன்னும் தீரவில்லை.