அக்னி மூலையில் ரவுட்டர்

கள்ளிக்குப்பம் அழகேசன் வாஸ்து விஷயத்தில் யாருக்கும் மசியமாட்டார். புதிதாக எந்த மின்சாதனம் வந்தாலும் அக்னி மூலையில்தான் வைக்க வேண்டும் என்பார். அதனால் வீட்டு வைஃபை ரவுட்டர் அந்தத் தென்கிழக்கு மூலையிலிருந்த சமையலறையில், மிக்ஸிக்குப் பக்கத்தில் இருந்து எண்ணெய்ப் புகை குடித்தது. இணைப்பு அடிக்கடி அறுந்து, ஒருநாள் அடியோடு நின்றுபோனது.

கடையில் நான்கு ஆன்டெனா வைத்த ரவுட்டரைக் காட்டி, "இது வேகமா கீதா?" என்றார்.

கடைக்காரர் இளங்கோ, "அது இருக்கட்டும் அண்ணாத்தே. உங்க ஊட்ல நெட்டு யாருக்கு அதிகமா வேணும்? அவங்க எங்க உக்காருவாங்க?" என்று கேட்டார்.

"என் மருமவ லாவண்யாவுக்கு. ஐடி வேலை, ஊட்ல இருந்தே பாக்குது. எந்நேரமும் சமையல்கட்டுலதான். ஒரு பக்கம் மீட்டிங், ஒரு பக்கம் கொழம்பு. அந்த மாதிரி பொண்ணு கெடைக்குமா?" இரண்டு வருடமாகச் சொந்தக்காரர்களிடமும் இதையே சொல்லிப் பெருமைப்பட்டவர் அவர்.

"ரவுட்டர் எங்க கீது?"

"அதுவும் சமையல்கட்டுலதான்."

"அப்போ அவங்க சமையலுக்காக அங்க நிக்கல அண்ணாத்தே, சிக்னலுக்காக நிக்கிறாங்க. ரெண்டு ஆன்டெனாவே போதும். நடு ஹால்ல வைங்க."

மருமகளின் வேலை கெடக் கூடாதே என்று, முணுமுணுத்துக்கொண்டே அழகேசன் புது ரவுட்டரை வாங்கிவந்து ஹாலில் வைத்தார்.

மறுநாள் காலை லாவண்யா லேப்டாப்போடு தன் அறைக்குப் போனாள். "மாமா, அடுப்புல கொழம்பு இருக்கு. கொஞ்சம் கிளறி விடுறீங்களா?" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அழகேசன் கரண்டியைத் தேடினார். தன் வீட்டில் அது எந்த மூலையில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை.