அனுபவம் சொல்ல ஓர் ஆள்

உறுவையாறு கிராமத்துச் சகாயராணி தத்துவத்தில் முனைவர் பட்டம் வாங்கியவள். ஆனாலும் வில்லியனூர் வாசகர் வட்டத்தார் அவளை மேடையேற்றும்போதெல்லாம் கேட்பது ஒன்றைத்தான்: பட்ட பாட்டைச் சொல்லம்மா. அம்மா ஆரோக்கியம் நாற்று நட்டதையும், பண்ணை வீட்டுக்குக் கூலி வாங்கக் கொல்லைப்பக்கமாகவே போனதையும் அவள் சொல்வாள். கூட்டம் மூக்கை உறிஞ்சும். பிறகு பேராசிரியர் தமிழ்க்குமரன் எழுந்து அதற்குக் கோட்பாடு சொல்வார். அவருடையது பாகூரில் கரும்புத் தோட்டம் வைத்திருக்கும் குடும்பம். 'மண்ணிலிருந்து பிறக்கும் அறிவு' என்று எந்நேரமும் அதே பல்லவி. அந்த மண்ணில் அவர் செருப்பைக் கழற்றி யாரும் பார்த்ததில்லை. அழுவதற்கு இவள், சிந்திப்பதற்கு அவர். இந்த லட்சணத்தில் சாதி ஒழிப்புக் கூட்டம் என்று பேனர் வேறு.

போன ஞாயிறு மைக் கைக்கு வந்ததும், சகாயராணி சாதியற்ற சிந்தனையைப் பற்றி விடாமல் கோட்பாடு பேசினாள். முன்வரிசை நெளிந்தது. அமைப்பாளர் சிவப்பிரகாசம் மேடைக்கே ஓடி வந்தார்.

"இன்னாம்மா இது? அனுபவத்த சொல்லுவன்னு பாத்தா..."

"இன்னிக்கி அத சார் சொல்லுவாரு" என்று மைக்கைப் பேராசிரியரிடம் நீட்டினாள். "உங்க வூட்டுல சாதி எப்டி சார் இருந்துச்சி? யார எதுவரைக்கும் வுட்டீங்க? பாத்தத சொல்லுங்க."

அவர் மைக்கை வாங்கிக்கொண்டார். "எங்க வீட்டுல சாதியெல்லாம் பாக்கறதே இல்லம்மா."

"அது கோட்பாடு சார். நான் கேட்டது அனுபவம்."