அடுப்படியில் நின்ற எட்டாவது ஆள்

மேன்பவர் ஏஜென்சியில் ஆள் பிடிக்கும் வேலைக்கு நான் சேர்ந்த புதிது. ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனிக்கு நாங்கள்தான் கான்ட்ராக்ட் ஆள் அனுப்புவோம். பொங்கலுக்கு ஊருக்குப் போன பையன்களில் பாதிப் பேர் திரும்பி வரவில்லை. எங்கள் முதலாளி கத்தினார்.

“இன்னாம்மா நீ? திங்கக்கெழம லைன்ல எட்டு பேர் நிக்கணும். இல்லன்னா கான்ட்ராக்ட் பூடும், உன் வேலையும் சேந்து பூடும்!”

என் வீட்டுக்காரருக்கு அப்போது வேலை இல்லை. என் சம்பளத்தில்தான் குடும்பம் ஓடியது.

வல்லம் வடகாலில் ஒரே ரூமில் தங்கியிருக்கும் எட்டுத் தென்காசிப் பையன்கள் கம்பெனி மாறப் பார்க்கிறார்கள் என்று தெரிந்து ஓடினேன். எதிர் ஏஜென்சி பாஸ்கர் எனக்கு முன்னாலேயே வந்து சட்டமாக உட்கார்ந்திருந்தார். ஏசி பஸ், கேன்டீனில் சிக்கன் என்று அளந்துகொண்டிருந்தார். நான் மட்டும் விடுவேனா? ஓ.டி. உண்டு, ஷூ இலவசம் என்று நானும் ஆரம்பித்தேன். வேலைக்குத்தான் ஆட்கள் அடித்துக்கொள்வார்கள் என்று நினைத்திருந்தேன். இங்கே ஆளுக்காக நாங்கள் இரண்டு பேரும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம்.

டிப்ளமோ படித்த பையன்தான் தலைவன் என்று நினைத்து அவனிடமே பேசினேன். தப்பு. எதைக் கேட்டாலும் அவன் அடுப்படிப் பக்கம் திரும்பினான். மற்றவர்களும் திரும்பினார்கள். அங்கே அவர்களில் ஒருவனான இசக்கி சாம்பார் கிண்டிக்கொண்டிருந்தான். ரூமுக்கே சமைப்பது அவன்தான்!

நான் நைசாக எழுந்து அடுப்படிக்குப் போனேன்.

“தம்பி, உனக்கு இன்னாப்பா வேணும்?”

“எட்டு பேருக்கும் ஒரே ஷிப்டு போதும்க்கா. மாத்துனாலும் சேத்தே மாத்தணும். பிரிச்சுப் போட்டா இவனுவளுக்கு யாரு பொங்கிப் போட?”

வெளியே வந்து கம்பெனி எச்.ஆருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன்.

“இன்னா மேடம், லைனுக்கு ஆள் எடுக்குறீங்களா, கல்யாண மண்டபத்துக்கு மாஸ்டர் புடிக்கிறீங்களா?”

“சார், இசக்கி வந்தா எட்டு பேர். வரலன்னா ஒருத்தனும் இல்ல.”

அவர் ஷிப்டு லிஸ்ட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது. “சரி, போட்டுத் தொலைக்கிறேன்.”

திங்கட்கிழமை எட்டுப் பேரும் லைனில் நின்றார்கள். முதலாளி எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். அது எங்கள் ஆபீசில் பெரிய அதிசயம்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களே, சம்பளம், பஸ் எல்லாம் பேசுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன்னால் அந்த ரூமில் யார் சமைக்கிறார்கள் என்று விசாரியுங்கள்.

ஆனால் சீக்கிரம் போங்கள். அடுத்த வாரம் பென்னலூரில் ஒரு ரூமுக்கு ஆள் பேசப் போனேன். பாஸ்கர் எனக்கு முன்னாலேயே அடுப்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.