பெல்மோர்க்காரன் செல்வசிங்

எங்கள் ரூமில் இருந்தவர்களில் யார் பெரிய ஆள் என்று கேட்டால் எல்லோரும் செல்வசிங் என்பார்கள். நான் சொல்ல மாட்டேன். ஆனால் யாரைப் பற்றியாவது எழுது என்றால் எனக்கும் அவனைப் பற்றித்தான் வருகிறது. வயிற்றெரிச்சல் அப்படிப்பட்டது.

அவன் குமரிக் கடற்கரைக்காரன். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு துபாய் வந்தவன். நான் கீழக்கரை மீராசா, அவனுக்கு ஆறு வயது மூத்தவன். இருவரும் துபாய் தேராவில் டிஷ் ஆன்டெனா மாட்டுகிற ஒரு கடையில் டெக்னீஷியன். கட்டிலில் கீழ்த்தட்டு எனக்கு, மேல்தட்டு அவனுக்கு. எங்கள் ஊரில் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி என்னைக் காக்கா என்பான். அவன் மனைவி புஷ்பமேரி குவைத்தில் நர்ஸ். அங்கே அப்பாசியாவில் மகன் பெர்சியோடு இருந்தாள். வருடத்தில் ஒரு மாதம் லீவில்தான் மூன்று பேரும் ஒன்றாகச் சாப்பிடுவார்கள்.

2011-இல் பெல்மோர் வந்தது. லண்டன் சேனல், சந்தா கட்டினால்தான் படம் தெரியும். துப்பறியும் தொடர், பங்களாக் குடும்பத் தொடர், கேக் சுடுகிற போட்டி என்று இருபத்துநாலு மணி நேரமும் ஓடும். நடுவில் விளம்பரமே கிடையாது. ஜுமைரா வில்லாக்களில் இருக்கும் வெள்ளைக்காரர்களுக்கு அது இல்லாமல் முடியாது. எங்கள் கடைக்கு ஏஜென்சி கிடைத்ததும் ஆள் தேர்ந்தெடுக்க லண்டனிலிருந்து ஒருவர் வந்தார். மீட்டர் இல்லாமல், நிழலைப் பார்த்தே டிஷ்ஷைத் திருப்பி நிறுத்துகிறவன் நான். அதைச் செய்தும் காட்டினேன். செல்வசிங், பயணம் சௌகரியமாக இருந்ததா என்று அவரை இங்கிலீஷில் விசாரித்தான், அவ்வளவுதான். பெல்மோர் சட்டையும் காரும் அவனுக்குப் போயின.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது வேறு. வருடத்தில் இரண்டு தடவை, மார்ச்சிலும் அக்டோபரிலும், சூரியன் நேராக சேட்டிலைட்டுக்குப் பின்னால் வந்து நிற்கும். சில நாட்களுக்கு அந்த நேரத்தில் பத்து நிமிடம் படம் போய்விடும், தானாகவே திரும்பி வரும். விவரம் தெரியாதவன் கூரையில் ஏறி டிஷ்ஷைத் திருப்பிக் கெடுத்துவிடுவான். எந்த நாள், எத்தனை மணி என்று கணக்குப் போட்டு அவனிடம் சொன்னது நான். அவன் முந்தின நாளே வில்லா வில்லாவாக போன் செய்து, "மேடம், நாளை இத்தனை மணிக்குப் படம் போகும், அந்த நேரத்தில் டீ போட்டுக் குடியுங்கள்" என்று இங்கிலீஷில் சொன்னான். சொன்னபடியே படம் போனது, வந்தது. அந்த அம்மாக்கள் அவனை மேதை என்றார்கள். அவனும் இல்லை என்று சொல்லவில்லை.

சேனல் வளர வளர அவனும் வளர்ந்தான். பெல்மோருக்கு இரண்டாவது சேனல் வந்தது. பெரிய ஓட்டலில் விருந்து வைத்து அவனுக்குக் கேடயம் கொடுத்தார்கள். ஒரு வாரம் லண்டனுக்குக்கூட அழைத்துப் போனார்கள். சிவப்பு பஸ் முன்னால் நின்று எடுத்த படத்தை ரூம் கதவில் ஒட்டினான். அந்தக் கதவை நான் தினமும் திறக்க வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை பிரியாணி முடிந்ததும் ரூமே அவனைச் சுற்றி உட்காரும், அந்த வாரத் தொடரைத் தமிழில் சொல்லுவான். ஊரிலிருந்து என் மனைவி ஹஃபீஸா போன் செய்தால்கூட, "ஏங்க, போன வாரம் நீங்க சொன்ன கதையில அந்தக் கிழவியக் கொன்னது யாருன்னு அவருகிட்ட கேட்டுச் சொல்லுங்க" என்பாள். நான் சாப்பிட்டேனா என்பது அதற்கப்புறம்.

பிறகு இறக்கம் தொடங்கியது. தொடர் எடுக்கிறவர்களே ஆளுக்கொரு ஆப் ஆரம்பித்து, தங்கள் சரக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். பெல்மோரில் பழைய துப்பறியும் தொடர் வாரத்துக்கு மூன்று தடவை ஓடியது. விளம்பரம் புகுந்தது. இரண்டாவது சேனலை மூடினார்கள். வில்லாக்காரர்கள் ஒவ்வொருவராக டிஷ்ஷைக் கழற்றச் சொன்னார்கள். "புது சீசன் வந்தா எல்லாரும் திரும்பி வந்துருவாங்க காக்கா" என்பான் செல்வசிங். தன் வீட்டு ஆள் ஆஸ்பத்திரியில் கிடப்பதுபோல் பேசுவான். எனக்கு உள்ளுக்குள் ஜிலுஜிலுவென்று இருந்தது. மறைப்பானேன்.

அந்தச் சமயத்தில் இன்டர்நெட் கேபிள் போடுகிற ஒரு ஃபைபர் கம்பெனி எங்கள் கடையில் ஓர் ஆள் கேட்டது. விசாவும் அவர்களே மாற்றிக்கொள்வார்கள். மேனேஜர் சாதிக் பாட்ஷா முதலில் செல்வசிங்கைக் கேட்டார். அவன் வேண்டாமென்றால் எனக்கு. ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று சொல்லிவிட்டு அவர் மெக்காவுக்கு உம்ரா போய்விட்டார். சனிக்கிழமை கடையைத் திறந்தவன் நான். கம்ப்யூட்டரில் லண்டன் மெயில் வந்திருந்தது. மார்ச் முப்பத்தொன்றோடு பெல்மோர் நிற்கிறது, பத்து நாளில் அறிவிப்பு வரும், அதுவரை வெளியே சொல்ல வேண்டாம் என்று இருந்தது. படித்தேன், மூடினேன்.

விசா விஷயம் என்றால் ரூமில் மூத்தவரைக் கேட்காமல் யாரும் கையெழுத்துப் போடுவதில்லை. அன்று சாயங்காலம் அவன் என் கட்டிலில் வந்து உட்கார்ந்தான்.

"காக்கா, ஒரு காரியம் கேக்கணும். ஃபைபருக்குப் போகட்டுமா, இருக்கட்டுமா? நீங்க சொல்லுதபடி செய்யுதேன்."

"போகாத" என்றேன். "பெல்மோர் பெரிய கம்பெனி, அவ்வளவு லேசுல மூடிற மாட்டான். ஃபைபர்காரன் ஆறு மாசத்துல கலாஸ், வேலை முடிஞ்சுதுன்னு சொல்லி அனுப்பிருவான். பேசாம இங்கேயே இரு."

"நீங்க சொன்னா சரிதான்" என்று மேலே ஏறிப் படுத்துக்கொண்டான். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். சொல்லியிருக்க மாட்டேன்.

ஃபைபரில் நான் சேர்ந்தேன். பத்து நாளில் அறிவிப்பு வந்தது. மார்ச் முழுக்க அவன் தான் மாட்டிய டிஷ்களைத் தானே கழற்றினான். கடைசி நாள் எந்த வில்லாவிலோ உட்கார்ந்து, படம் நிற்கிறவரை பார்த்துவிட்டு வந்தானாம். விசாவை கேன்சல் செய்தார்கள். ஏர்போர்ட்டில் என் கையைப் பிடித்து, "உங்க மேல ஒரு தப்பும் இல்ல காக்கா, ஆருக்குத் தெரியும் இப்பிடி ஆகும்னு" என்றான். அந்தக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் பாக்கெட்டில் விட்டுக்கொண்டேன்.

போன மாதம் வீடியோ காலில் வந்தான். பின்னால் ஈரமான தெரு, ஓட்டு வீடுகள். ஊரைப்போல இல்லையே என்றேன்.

"இங்கிலாந்து காக்கா. புஷ்பத்துக்கு இங்க நர்ஸ் வேலை எப்ப வேணும்னாலும் கெடைக்கும்னு இருந்துச்சு. சேர்ந்து போயிருவோம் வான்னு மூணு வருஷமா கூப்பிட்டா. பெல்மோர விட்டுட்டு வரமாட்டேன்னு நாந்தான் பிடிவாதமா நின்னேன். வேலை போனதும் வேற வழியில்ல, வந்துட்டோம். இப்ப மூணு பேரும் ஒரே வீட்டுல இருக்கோம். பெர்சி என் பக்கத்துலதான் படுக்கான். அன்னைக்கு நீங்க ஃபைபருக்குப் போன்னு சொல்லியிருந்தா நான் இன்னும் அந்த மேல்கட்டில்லதான் கெடப்பேன். புஷ்பம் தெனமும் உங்களுக்காக ஜெபம் பண்ணுதா."

நல்லா இருங்க என்றேன். எனக்காக ஜெபமாம். அன்று முழுக்க ஒரு அடுக்குமாடி டவரில் சீலிங்குக்குள் படுத்து கேபிள் இழுத்தேன். நான் ஏமாற்றிப் பிடித்த வேலை அது. இரண்டு தடவை கையை வெட்டிக்கொண்டேன்.

மறுநாள் ஹஃபீஸா போன் செய்தாள். புஷ்பமேரி அவளுக்கும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். ஹஃபீஸா திட்டவில்லை, சலித்துக்கொள்ளவும் இல்லை. மெதுவாகக் கேட்டாள்.

"ஏங்க, அவருக்கு இவ்வளவு நல்ல யோசனை சொல்லியிருக்கீங்க. கல்யாணமாகி இந்தப் பதினெட்டு வருஷத்துல நமக்குன்னு ஒண்ணு சொல்லத் தோணலையா உங்களுக்கு?"