அம்மாவை முன்னால் விட்டு நடந்தவர்கள்

உருளைக்கிழங்கு வேகிற வாசனை எனக்கு இன்றைக்கும் ஆகாது. பாம்பு கொட்டாவி விட்டால் அந்த வாசனை வரும் என்று எங்கள் வரிசை வீடுகளில் எல்லோரும் நம்பினார்கள். அதனால் பொழுது சாய்கிற நேரத்தில் எந்த வீட்டிலாவது கிழங்கு வெந்தால் போதும், பக்கத்து வீட்டுப் பாக்கியம் அக்கா வாசலுக்கு வந்து, "எவ வூட்டு அடுப்புல கெழங்கு வேகுது? வாயத் தொறந்து சொல்லுங்கடி, இல்லன்னா நான் கதவச் சாத்திக்கறேன்" என்று சத்தம் போடுவாள். யாராவது "எங்க வூட்லதான்கா" என்று சொன்ன பிறகுதான் உள்ளே போவாள். எங்களுக்கும் அது சிரிப்பாகத்தான் இருந்தது, அம்மா மாசமாக இருந்த அந்த வருஷம் வரைக்கும்.

மைசூர் அக்ரஹாரத்துப் பக்கம் ஒரு சந்தில், தெருவைப் பார்த்தபடி வீட்டுக்கார அம்மாவின் ஓட்டு வீடு. அதற்குப் பின்னால் சுவரோடு சுவராக, வாடகைக்கு விட்ட நான்கு ஒற்றை அறை வீடுகள். இப்படிப்பட்ட வரிசைக்கு அந்த ஊரில் "வடாரா" என்று பெயர். வீட்டுக்கார அம்மாவை நாங்கள் "ஓனரம்மா" என்போம். கன்னடக்காரி, எங்களோடு பேசிப் பேசித் தமிழ் பழகியவள். வடாராவுக்குப் பின்னால் "ஹித்தலு" என்கிற கொல்லைத் தோட்டம் இருந்தது. தென்னை, சப்போட்டா, கொய்யா, வாழை, மதில் ஓரம் மல்லிகைக்கொடி. அந்தத் தோட்டத்தின் கடைசியில்தான் எங்கள் நான்கு வீட்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு கக்கூஸ். ஓனரம்மாவுக்கு வீட்டுக்குள்ளேயே தனியாக ஒன்று இருந்தது. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் படியுங்கள்.

தோட்டத்தின் நடுவில் ஓனரம்மாவின் குளியலறை. அதில் "ஹண்டே" என்கிற பெரிய செம்பு அண்டாவில் வெந்நீர் காயும். அடியில் எரிப்பதற்காகத் தென்னை மட்டை, பாளை, கொட்டாங்கச்சி எல்லாவற்றையும் குளியலறைச் சுவரில் ஆள் உயரத்துக்குச் சாய்த்துப் போட்டிருப்பார்கள். மழையில் நனைந்து, வெயிலில் காய்ந்து, மறுபடி நனைந்து கிடக்கும் குவியல். அதற்குள் எலி வந்தது. எலியைத் தேடிப் பாம்பு வந்தது. இதில் தெய்வ ரகசியம் எதுவும் இல்லை, பத்து வயதிலேயே எனக்கு இது தெரியும்.

முன்பெல்லாம் சாரைப்பாம்பு வரும். கொடியில் பச்சைப்பாம்பு தொங்கும். கௌதள்ளி என்கிற ஊரிலிருந்து கட்டட வேலைக்கு மைசூர் வந்தவர் எங்கள் அப்பா. அவர் ஒரு கம்பை எடுத்துத் தரையில் இரண்டு தட்டுத் தட்டினால் அவை ஓடிவிடும். ஆனால் அந்த மழைக்காலத்தில் வந்தது நாகம். குளியலறைக்கும் கக்கூஸுக்கும் நடுவே, நாங்கள் நடந்து நடந்து புல் தேய்ந்துபோன ஒற்றையடிப் பாதையில் அது படுத்திருந்ததை முதலில் பார்த்தவள் அம்மா. அப்போது அவளுக்கு ஆறாம் மாசம்.

அப்பா கம்பைத் தொடவில்லை. "அவ முழுகாம இருக்கறப்ப நான் பாம்பு மேல கை வெக்க மாட்டேன். பொறக்கற புள்ள நாக்க நாக்க நீட்டும்" என்று சொல்லிவிட்டார். மனைவி கர்ப்பமாக இருக்கும்போது கணவன் பாம்பை அடிக்கக் கூடாது, முடி வெட்டக் கூடாது, சவரம் செய்யக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். மூன்றையும் அவர் ஒழுங்காகக் கடைப்பிடித்தார். அந்தக் கர்ப்பத்துக்கு அவர் செய்த உதவி என்று நான் சொல்லக்கூடியது அந்தத் தாடி ஒன்றுதான். காலையில் வேலைக்குப் போய்விட்டு இருட்டிய பிறகு வருகிறவருக்குத் தோட்டத்தைப் பற்றி என்ன கவலை?

அம்மா ஓனரம்மாவிடம் போய்ச் சொன்னாள். நானும் கூட நின்றேன். குவியலை எடுத்துவிட்டால் போதும் என்றுதான் அம்மா கேட்டாள். ஓனரம்மா இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டு, "அது நாகப்பா, சரசு. இந்த ஜாகாக்கு அவரே காவலு. அவருக்குத் தொந்தரே குடுத்தா வம்சத்துக்கே ஆகாது. பாத்தா கும்புட்டு சொல்ப்ப தூரமா நில்லு, அவரே போயிடுவாரு" என்றாள். சரி, பாதையில் ஒரு பல்பாவது போட்டுத் தரக் கூடாதா என்று அம்மா கேட்டதற்கு, "அங்கே லைட்டு ஹாக்கிட்டா அவரு எங்கே ஓடாடுவாரு?" என்று கேட்டாளே ஒரு கேள்வி, அதை நினைத்தால் இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு உடம்பு எரிகிறது. பாம்பு உலாவ இருட்டு வேண்டுமாம். வயிற்றுப்பிள்ளைக்காரி காலை எங்கே வைப்பாள் என்று யோசிக்க அங்கே ஆள் இல்லை.

பாக்கியம் அக்கா தர்மபுரிப் பக்கத்துக்காரி. வாய் நீளம், மனசு கெட்டதில்லை. அவள்தான் அந்த யோசனையைச் சொன்னாள். "அட சரசு, நீ எதுக்குடி பயப்படற? மாசமா இருக்கறவள எதுருக்க பாத்தா பாம்புக்குக் கண்ணு அவிஞ்சு பூடும். படத்த எறக்கிக்கினு அப்படியே சுருண்டுக்கும். எங்க சித்தி கண்ணால பாத்திருக்கா."

"உங்க சித்தி பாத்தாளா, பாம்பு பாத்துச்சாக்கா?" என்று அம்மா சிரித்தாள். அன்றைக்குச் சிரிப்பு இருந்தது.

மறுநாளே அந்தப் பேச்சு நடைமுறைக்கு வந்துவிட்டது. அம்மாவுக்குப் பாம்பால் ஆபத்து இல்லை என்றால், அம்மாவின் பின்னால் போகிறவர்களுக்கும் ஆபத்து இல்லை என்று வரிசையே முடிவு செய்தது. விடிந்தும் விடியாமலும் ஒருத்தி வந்து கதவைத் தட்டுவாள். மத்தியானம் அம்மா சற்றுத் தலையைச் சாய்த்தால், "சரசு, அவசரம்டி, ஒரு நடை வாயேன்" என்று ஒரு குரல். பொழுது சாயும் நேரத்தில் கேட்கவே வேண்டாம், அம்மா முன்னால், பின்னால் சொம்பும் கையுமாக நாலு பேர். "மந்திரி காருக்கு முன்னால போலீஸு ஜீப்பு போற மாதிரி எங்களுக்கு சரசு" என்று பாக்கியம் அக்கா கேலி பேசுவாள், பின்னால் வருகிறவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். வீங்கிய காலோடு, இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, வயிற்றை மட்டும் கேடயமாக வைத்துக்கொண்டு அம்மா நடப்பாள். எல்லோரும் முடித்து வரும்வரை கக்கூஸ் வாசலில் நின்று, திரும்பவும் முன்னால் நடந்து அவர்களைக் கொண்டுவந்து விடுவாள். மாட்டேன் என்று அவள் சொன்னதே இல்லை. வரிசையில் வாழ்கிறவள் அப்படிச் சொல்லிவிட முடியாது. நாளைக்கு வலி எடுத்தால் இவர்கள்தானே வர வேண்டும்.

இவ்வளவு பேருக்குத் துணை போனவள் தனக்காகப் போவதைக் குறைத்துக்கொண்டாள். மத்தியானச் சோற்றுக்குப் பிறகு தண்ணீரைத் தொடுவதில்லை. ரசத்தை எங்கள் தட்டில் ஊற்றிவிட்டுத் தனக்குக் கெட்டிச் சோறாகவே பிசைந்துகொள்வாள். தொண்டை வறண்டால் ஒரு வாய் தண்ணீரை எடுத்துக் கொப்பளித்து வெளியே துப்புவாள். நான் பார்த்திருக்கிறேன். எதற்கு என்று கேட்டதற்கு, "குடிச்சா போகோணும் கண்ணு" என்றாள், அவ்வளவுதான்.

ஒரு சாயங்காலம் மழை விட்டதும் பாக்கியம் அக்காவும் கடைசி வீட்டுப் பெண்ணும் வந்து கூப்பிட்டார்கள். அம்மா முன்னால், அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நான், பின்னால் அவர்கள் இருவரும். குளியலறை மூலையைத் திரும்பியபோது அது பாதையின் குறுக்கே கிடந்தது. சத்தம் கேட்டுத் தலையைத் தூக்கிப் படம் எடுத்தது. பின்னால் சொம்பு விழுந்த ஓசை கேட்டது, திரும்பிப் பார்த்தால் செருப்புகள் மட்டும்தான் கிடந்தன, ஆட்களைக் காணோம். அம்மா ஒரு கையால் என்னைப் பின்னுக்குத் தள்ளினாள். "ஓடிப்போ" என்றாள். நான் குளியலறை மூலை வரை ஓடி, அங்கிருந்து எட்டிப் பார்த்தேன். அவளால் ஓட முடியவில்லை, அந்த வயிற்றோடு அவசரமாகத் திரும்பவும் முடியவில்லை. சேற்றில் அப்படியே நின்றாள். அதுவும் நின்றது. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. பிறகு அது படத்தைத் தாழ்த்தி, ஓலைக் குவியலுக்குள் போய்விட்டது. எந்தப் பாம்பும் அப்படித்தான் போகும், அசையாமல் நிற்கிறவரைக் கடிக்க அதற்கு என்ன அவசியம்?

"பாத்தீங்களாடி! கண்ணு அவிஞ்சு போச்சு! நான் சொல்லல?" வாசற்படியில் ஏறி நின்றுகொண்டு பாக்கியம் அக்கா கத்தினாள். எல்லோரும் அம்மாவைச் சூழ்ந்துகொண்டார்கள். அம்மாவின் புடவை இடுப்புக்குக் கீழே நனைந்திருந்தது. வாழை இலைத் தண்ணீர் பட்டுவிட்டது என்று அவள் சொன்னாள், எல்லோரும் நம்பினார்கள். நான்தான் அன்று அந்தப் புடவையைத் துவைத்தேன், அது மழைத் தண்ணீர் இல்லை.

மறுநாள் ஓனரம்மா குவியலுக்குப் பாலும் பூவும் வைத்தாள். அம்மாவுக்குக் குங்குமம் இட்டு, நாகப்பா தலை வணங்கிய பெண் என்று தெரு முழுக்கச் சொன்னாள். அடுத்த சந்திலிருந்தெல்லாம் பெண்கள் அம்மாவைப் பார்க்க வந்தார்கள். அதற்குப் பிறகு அம்மாவைக் கூப்பிடுவது இன்னும் அதிகமானது. ஊரே புகழ்ந்த பிறகு எப்படி மறுப்பது?

அடுத்த மாசம் அம்மாவுக்குக் குளிரும் காய்ச்சலும் வந்தது, முதுகைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டாள். பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். சிறுநீரில் சீழ் வைத்து, அது சிறுநீரகம் வரை ஏறிவிட்டது என்றார்கள். தம்பி நாள் ஆவதற்கு முன்பே பிறந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கைப்பிடி அளவுக்குக் கிடந்தான். "நீரு குடிபேகு அல்வேனம்மா? தண்ணி குடிக்காம என்ன பண்ணிட்டிருந்தே?" என்று நர்ஸம்மா திட்டினாள். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இருவரும் பிழைத்து வந்தார்கள். அந்தப் பெருமையும் பாம்புக்கே போனது. நாகப்பாதான் காப்பாற்றினார் என்று தம்பிக்கு நாகராஜு என்று பெயர் வைத்தார்கள். அப்பா தாடியை எடுத்தார்.

கதை இதோடு முடிந்திருந்தால் அறியாமை என்று நானும் விட்டிருப்பேன். அடுத்த சில மாதத்தில் ஓனரம்மாவின் மகள் தலைப்பிரசவத்துக்குப் பெங்களூரிலிருந்து தாய்வீட்டுக்கு வருவதாக இருந்தது. அவளுக்குத் தோட்டத்துக் குளியலறையில்தான் எண்ணெய்க் குளியல். அவள் வருவதற்கு முன்னால் இரண்டு ஆட்கள் வந்து அந்தக் குவியலை ஒரே காலையில் அள்ளிப் போட்டார்கள். பாம்பு பிடிக்கிறவர் வந்தார். கற்பூரம் காட்டி, கும்பிட்டு, நாகப்பாவைச் சாக்கில் போட்டுக் காட்டில் விடக் கொண்டுபோனார். குளியலறைக்கு முன்னால் பல்பு தொங்கியது. ஒரே காலை வேலை. அம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று அத்தனையும் பார்த்தாள்.

பாக்கியம் அக்காதான் வாய் விட்டுக் கேட்டாள். "ஏன் ஓனரம்மா, உங்க பொண்ணும் மாசந்தானே? அதப் பாத்தா பாம்புக்குக் கண்ணு தெரியாதே?"

"அவளு ரொம்ப நாஜூக்கு, பாக்கியா. பயந்துடுவா" என்றாள் ஓனரம்மா, கூச்சமே இல்லாமல்.

"அப்ப கூலிக்காரி வயித்துக்குத்தான் பவரு போலிருக்கு" என்று பாக்கியம் அக்கா வரிசை முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை.

இப்போது அங்கே நாலு மாடிக் கட்டடம் நிற்கிறது. தோட்டம் இருந்த இடத்தில் ஸ்கூட்டர்கள், மீட்டர் பெட்டிகளுக்குப் பக்கத்தில் டைல்ஸ் ஒட்டிய மேடையில் ஒரு நாகர் கல். சப்போட்டா இல்லை, ஹண்டே இல்லை, ஹித்தலு என்கிற சொல்லைக்கூட அங்கே குடியிருக்கும் பிள்ளைகள் சொல்வதில்லை. பாக்கியம் அக்கா ஊருக்குப் போனவள்தான், இருக்கிறாளா என்று தெரியவில்லை. தோட்டம் போனதற்கு நான் வருத்தப்படவில்லை. வீட்டுக்குள் கக்கூஸ் வந்துவிட்டது, அது போதும்.

அம்மாவுக்குக் கால் வீக்கம் வடிவதே இல்லை, மாத்திரையில் ஓடுகிறது. ஆனால் நாகராஜுவின் பிள்ளைகளுக்கு அவள் இன்றும் அந்தக் கதையைச் சொல்கிறாள். பாம்பு தன்னைப் பார்த்துப் படத்தை இறக்கியது, அத்தனை பேரும் தன் "பொறவால" நின்றார்கள், தனக்குத் துளியும் பயமில்லை. வருஷக்கணக்காக இதோடு சண்டை போட்டு எனக்கு அலுத்துவிட்டது. போன மாசம் அவள் அவரைக்காய் உரித்தபடி சொல்லிக்கொண்டிருந்தபோது, கடைசியாக ஒரு தடவை கேட்டேன். "பயமே இல்லைன்னா எதுக்கும்மா தண்ணி குடிக்காம கெடந்தே?"

பிள்ளைகளுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்: "பயமில்லாம இருக்குமா அம்மிணி? பயமா இருக்குதுன்னு சொன்னா, எனக்கு முன்னால நடக்கறதுக்கு யாரு இருந்தா?"

"அப்புறம் பாம்பு என்ன பண்ணுச்சு அஜ்ஜி?" என்று சின்னவன் அவள் தோளை உலுக்கினான். அம்மா மறுபடியும் ஆரம்பித்தாள். இந்தத் தடவை நான் குறுக்கே பேசவில்லை.